ஹொங்கெரேக்கு நடந்து வந்த மரங்கள்

2011 மார்ச் 17, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, ஹொங்கெரே லேஅவுட் முனையில் பால் பூத்துக்கு எதிரே நின்றிருந்த தூங்குமூஞ்சி மரம் ரோட்டைக் கடந்தது. கடந்து முடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அதுவரை அத்திபெலே போகும் பஸ்கள் இரண்டும், ஒரு தண்ணீர் லாரியும், எண்ணிச் சொல்ல முடியாத அளவு ஸ்கூட்டர்களும் இருபுறமும் காத்து நின்றன. மரம் அவசரப்படவில்லை, தயங்கவும் இல்லை. முதலில் அடிமரத்தைச் சுற்றியிருந்த தார், அடுப்பில் காட்டிய அப்பளம்போல உப்பி வெடித்தது. பிறகு வேர்கள் ஒவ்வொன்றாக, வாளியிலிருந்து ஈரப் புடவையை உருவுகிற சத்தத்தோடு வெளியே வந்தன. கரண்டுக் கம்பி குறுக்கே வந்த இடத்தில் மரம் இரண்டு பெரிய கிளைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முள்வேலி தாண்டும் பெண் முந்தானையை ஒதுக்குவதுபோல் ஒதுக்கிக்கொண்டு போயிற்று. உச்சியில் ஒரு பருந்துக்கூடு இருந்தது. குஞ்சுகள் கூட்டிலேயே இருக்க, தாய்ப்பருந்து மேலே வட்டமடித்தபடி கூடவே வந்தது. சேதம் என்று பார்த்தால் ஒரு வேனின் பக்கக் கண்ணாடி மட்டும்தான். அங்கே பணியில் இருந்த போக்குவரத்துக் காவலர், மரம் இடது ஓரமாகவே சென்றது என்று தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். லேஅவுட்டுக்குள் நுழைந்த மரம் மூன்றாவது கிராஸில், அதாவது மூன்றாம் குறுக்குத் தெருவில், திரும்பி, வீடு கட்டாமல் காலியாகக் கிடந்த நாற்பத்தோராம் நம்பர் சைட்டுக்குள் போய் நின்றது. அதன்பின் அசையவில்லை.

ஹொங்கெரே அதற்கு முன்னால் அதிசயங்களுக்குப் பேர்போன இடமில்லை. ஹொங்கெ என்றால் புங்கை, கெரே என்றால் ஏரி. புங்கை மரம் சூழ்ந்த இருபத்திரண்டு ஏக்கர் ஏரியும், அதன் மேற்கே யானை படுத்ததுபோல் ஒரு கரும்பாறையும், பாறைக்கும் ஏரிக்கும் நடுவே கோவிந்தப்பா குடும்பத்தாரின் கேழ்வரகு நிலமும் கொய்யாத் தோப்பும்தான் அந்த ஊர். 1983இல் அடுகோடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர்கள் சங்கம் வைத்து அந்த நிலத்தை வாங்கி, முப்பதுக்கு நாற்பது அடியாக அறுபத்துநாலு சைட் பிரித்தார்கள். முதலில் குடிவந்தவர்களுக்குக் கரண்டு கிடையாது, பஸ் கிடையாது. மெயின் ரோட்டில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஒன்றரை மைல் நடந்து வீட்டுக்குப் போனார்கள். பாம்பு புகுந்த வீட்டுக்கு நாலு வீட்டுக்காரர்கள் நாலு மொழியில் யோசனை சொன்னார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று கலந்து பேசிப் பேசிக் கடைசியில் எது யாருடைய மொழி என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. பாறையைத் தொட்டு ஒரு மாரியம்மன் கோயிலும், இரண்டாவது கிராஸில் ஒரு ஜெபக்கூடமும் எழும்பின. இரண்டுக்கும் ஒரே கொத்தனார்தான். ஓசூர் ரோடு பெருத்தபோது லேஅவுட் நகரத்துக்குள் வந்து விழுந்தது. ஏரிக்குள் ராத்திரி பகல் பார்க்காமல் லாரிகள் கட்டட இடிபாட்டைக் கொட்டின. மீதித் தண்ணீரை ஆகாயத்தாமரை மூடியது. ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்று ஓரத்து மரங்களுக்கெல்லாம் நம்பர் போட்டார்கள். தூங்குமூஞ்சி மரத்தின் நம்பர் ஒன்பது. அதை வெட்டக் குறித்திருந்த நாள் மார்ச் 18, வெள்ளிக்கிழமை.

நாற்பத்தோராம் சைட் வேதநாயகியினுடையது. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் அவள் லைன் சூப்பர்வைசர். அறுபது மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே எந்த மெஷினில் ஊசி உடைந்தது என்று காதாலேயே கண்டுபிடிப்பாள். புருஷன் சாமிநாதன் அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவன். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் இருவரும் பதினோரு வாடகை வீடுகளில் இருந்திருக்கிறார்கள். தொம்மலூரில் நாலு, மற்றதெல்லாம் அடுகோடியில். கீழே ஓனர் குடியிருந்ததால் ஒரு வீட்டில் ஆறு வருடம் குதிகால் தரையில் படாமல் நடந்தாள். இன்னொரு வீட்டில் சொந்தக்காரர்கள் இரண்டு நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பதால் பெற்ற தாய் மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறினாள். சமையலறை என்று இருந்தால் அதில் ஒரு மூலை, பீரோ வைக்க இடம் இருந்தால் அதில் பாதி, பேசினால் பாதிக் குரல் என்று, இருக்கும் இடத்தையும் முழுதாகப் புழங்காமல் இருக்க அவள் உடம்பு பழகிவிட்டது. 2008இல் மைசூருக்கு மகளோடு போய்விட்ட பழைய உறுப்பினர் ஒருவரிடமிருந்து அந்த சைட்டை வாங்கினார்கள். மூன்று வருடம் கழித்து அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, ஒரு ஸ்டோர் ரூம். பூமி பூஜை மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. அஸ்திவாரத்துக்குச் சைஸ் கல் இறக்குவதற்காக அந்த வியாழக்கிழமை சாமிநாதன் லீவு போட்டு அங்கே நின்றிருந்தான். அதனால் போன் செய்ததும் அவன்தான்.

"வேதா, நம்ம சைட்ல ஒரு மரம் வந்து நிக்குது."

"யாரு வெச்சாங்க?"

"யாரும் வெக்கல. அதுவா வந்துச்சு. பால் பூத் எதிர்ல இருந்துச்சே, பெரிய மரம், அது."

வேதநாயகி ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஷிப்ட் முடிச்சிட்டு வரேன். நீங்க அங்கயே நில்லுங்க. வேற எதுனா வந்துடப் போவுது."

அவள் வந்து சேர்ந்தபோது மணி ஆறேகால். லேஅவுட் முழுக்க மூன்றாவது கிராஸில் கூடியிருந்தது. அவளைக் கண்டதும் வழி விட்டார்கள். மரம் இலைகளை மூடிக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தது. வேதநாயகி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்து மேலிருந்து கீழாக அதைப் பார்த்தாள்.

"இந்தா, வழி தப்பி வந்துட்ட. ரோடு அந்தப் பக்கம். எந்திரிச்சுப் போ."

மரம் எழுந்திருக்கவில்லை. பழைய கிராமத்துத் தெருவிலிருந்து தடி ஊன்றி வந்திருந்த கோவிந்தப்பா, அந்த நிலத்தையெல்லாம் விற்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டு தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். "அம்மா, இது எங்க அப்பன் காலத்து மரம். ஒருவாட்டி நின்னா சுலபத்துல கெளம்பாது. ஆனா முன்னாடி கெளம்பினதும் இல்ல, நோடு, பாரும்மா, அதனால கண்டிப்பா சொல்ல முடியாது." பூமி பூஜை நிறுத்தப்பட்டது. அடுத்த பதினைந்து நாளும் வேதநாயகி ஷிப்ட் முடிந்ததும் நேரே சைட்டுக்கு வந்து மரத்தோடு பேசினாள். முதல் வாரம் அதட்டினாள், இரண்டாம் வாரம் கெஞ்சினாள். அதன்பின் அதோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இதற்கிடையே திங்கட்கிழமையே மரங்களுக்கான அதிகாரி மமதா வந்து பார்த்தார். இளவயதுக்காரர். பேச்சு நிதானம். ரோட்டோர மரம் அரசாங்கத்துடையது, சொந்த நிலத்து மரம் நிலத்துக்காரருடையது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போன மரத்தைப் பற்றிச் சட்டத்தில் வரியே இல்லை என்று கன்னடத்தில் விளக்கினார். ஏற்கெனவே ஏலம் எடுத்திருந்த காண்டிராக்டர் ரம்பத்தோடு ஜீப்பில் காத்திருந்தான். நிலத்துக்காரி விண்ணப்பம் கொடுத்தால் மறுநாளே வெட்டிவிடலாம், செலவும் அவளுக்கில்லை என்றான். மமதா ஒரு படிவத்தை எடுத்து வேதநாயகியிடம் கொடுத்தார். "எட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். எந்த மரமும் இப்படி என்னை நிறுத்தி யோசிக்க வெச்சதில்ல, மேடம். நீங்களும் யோசிச்சு எழுதுங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் லேஅவுட் சங்கம் கூடியது. செயலாளர் டிரேவர், கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அன்று ஒரே ஒரு தீர்மானம்தான் கொண்டுவந்தார். நாற்பத்தோராம் சைட் விஷயமாக வேதநாயகி அம்மையாரிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. வெட்டச் சொல்லியும் கேட்கக்கூடாது, விடச் சொல்லியும் கேட்கக்கூடாது. அது அவர் வீடு, அவர் கனவு. கையெழுத்தும் அவருடையது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மற்ற அறுபத்துமூன்று வீட்டாரும் ஐந்து மாதம் அதைக் காப்பாற்றினார்கள். வேதநாயகி தெருவில் வந்தால் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அந்த நிழலில் தங்கள் பிள்ளைகள் விளையாடியபோதும், பருந்துக் குஞ்சுகள் முதன்முதலாகப் பறந்தபோதும், வாயைத் திறக்கவில்லை. மரம் ரோட்டைக் கடந்ததை நம்பும் வெளியூர்க்காரர்கள்கூட இதை நம்ப மறுக்கிறார்கள். ஆனால் இதுவும் நடந்ததுதான்.

மரம் நடந்த வழியில் பதினான்கு குழிகள் விழுந்திருந்தன. அவற்றில் தார் போட்டு மூடினார்கள். ஒரு வாரத்தில் பதினான்கும் திறந்துகொண்டன. ஜல்லி போட்டார்கள், அதுவும் உள்ளே போய்விட்டது. ஜூன் மழைக்குப் பிறகு ஒவ்வொரு குழியிலும் முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர் நின்றது. அதில் ஏரி பெரிதாக இருந்த காலத்துத் தவளைகள், ஊரே மறந்துபோன அகலத் தொண்டைக்காரத் தவளைகள், வந்து உட்கார்ந்து கத்தின. 2007இல் வற்றிப்போன நாலாவது கிராஸ் போர்வெல்லில் தண்ணீர் வந்தது. டிரேவர் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வெள்ளைக் கல் பதிக்க ஏற்பாடு செய்தார். வண்டிக்காரர்கள் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் வேதநாயகி குடியிருந்த அடுகோடி வீட்டின் ஓனர் மாடி மேல் மாடி எழுப்பி விடுதியாக்கப் போவதாகவும், ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வேதநாயகி அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிறு. அரிசி டப்பாவுக்கு அடியில் ஐந்து மாதமாகக் கிடந்த படிவத்தை எடுத்துத் தட்டி, பேனாவோடு சைட்டுக்குக் கிளம்பினாள். சாமிநாதனும் கூடவே வந்தான். சைஸ் கல் குவியலில் உட்கார்ந்து பெயர், விலாசம், சைட் நம்பர், மரத்தின் வகை எல்லாம் எழுதினாள். அடிமரத்தின் சுற்றளவு என்று ஒரு கட்டம் இருந்தது. கைப்பையில் எப்போதும் இருக்கும் இஞ்ச் டேப்பை எடுத்தாள். அறுபது இஞ்ச் டேப், மரமோ பருத்த மரம். ஒரு டேப் முடிந்த இடத்தில் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் குறி வைத்து, அங்கிருந்து அடுத்த டேப்பைத் தொடங்கினாள். இரண்டு டேப் தாண்டி மரத்தின் பின்புறம் போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவள் அதுவரை போனதே இல்லை.

மரத்தின் வேர்கள் மடிந்திருந்தன. பக்கத்து வீட்டு எல்லைக்கல்லுக்கு நாலு விரல் இடைவெளி விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, சம்மணம் போடக்கூட இடமில்லாதவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவதுபோல மடிந்திருந்தன. அந்த வீட்டுத் துளசித் தொட்டிமேல் ஒரு கீறல் இல்லை. துணி உலர்த்தும் கொடிமேல் நிழல்கூட விழாதபடி ஒரு பெரிய கிளை முழங்கை மடக்கியதுபோல் மேலே திரும்பி இருந்தது. வேதநாயகி குனிந்து பார்த்தாள். ஹாலுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு அழியவில்லை. படுக்கையறைக் கோடுகள் அழியவில்லை. சமையலறைக் கோடு போட்ட அன்று இருந்ததுபோலவே இருந்தது. ரோட்டையே குடைபோல் மூடி நின்ற அந்த மரம், ஐந்து மாதமாக, அவள் ஆறடிக்கு எட்டடி என்று கோடு போட்ட ஸ்டோர் ரூமுக்குள் மட்டும் நின்றுகொண்டிருந்தது. மடங்கிய பக்கத்து இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு கோடை அது தாங்காது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. அப்படி ஒடுங்கி நிற்க எவ்வளவு வலிக்கும், தோளிலிருந்து தொடங்கி எந்த வழியாக இடுப்புக்கு இறங்கும் என்பதும் தெரிந்தது.

டேப் கையிலிருந்து நழுவி விழுந்தது. "அஞ்சு மாசமாவா இப்படி நின்னுக்கினு இருக்க?" என்று கேட்டாள். சாமிநாதன் ஓடி வந்தான். அவள் விரலால் காட்டினாள். அவனும் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப நம்ம வீடு?" என்றான்.

"தெரியலைங்க."

"பதினோரு வீடு ஆச்சு, வேதா. பன்னெண்டாவதும் வாடகைன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. நீ இந்த வீட்டை நெனச்சுக்கினே மூணு வருஷம் தூங்கி எழுந்த. அதான் எனக்கு."

சாமிநாதன் சட்டையைக் கழற்றி எல்லைக்கல்மேல் போட்டுவிட்டு, வேர் நீள வேண்டிய இடத்தில் குவிந்திருந்த சைஸ் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ரோட்டோரம் கொண்டுபோய் அடுக்க ஆரம்பித்தான். மத்தியானம் வரை அடுக்கினான். வேதநாயகி சுற்றளவை அளந்து முடித்து, கல் குவியல் இருந்த வெறுந்தரையில் உட்கார்ந்து அதை எழுதி, படிவத்தில் மிச்சமிருந்த கடைசிக் கட்டத்தையும் நிரப்பினாள். வெட்டுவதற்கான காரணம் என்று கேட்டிருந்த இடத்தில், காரணம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எடுத்த படிவத்தை அரைகுறையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. திங்கட்கிழமை மமதா அதை இரண்டு முறை படித்தார். காரணமில்லாத விண்ணப்பம் தள்ளுபடி என்றும், தள்ளுபடியான மரத்தின்மேல் வேறு யாரும் கோரிக்கை வைக்க முடியாது என்றும் சிவப்பு மையில் எழுதி, முத்திரை குத்தி, எழுந்து நின்று வேதநாயகியின் கையில் கொடுத்தார்.

ஆனால் அது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமையே, கடைசிக் கல்லும் நகர்ந்தபின், வேதநாயகி எழுந்து மரத்தின் பட்டைமேல் உள்ளங்கையை வைத்தாள். "இனிமே இது உன் எடம். காலை நீட்டிக்கோ" என்றாள். மரம் இருபது நிமிடத்தில் காலை நீட்டியது. வேர்கள் முறுக்கவிழ்ந்து மண்ணுக்குள் இறங்கிய சத்தம் ஐந்தாவது கிராஸ் வரை, தூரத்தில் ரயில் போவதுபோல் கேட்டது. முதலில் ஹால் கோடு போயிற்று, பிறகு படுக்கையறைகள். சமையலறைக் கோடு எல்லாவற்றுக்கும் கடைசியாக மண்ணுக்கு அடியில் போயிற்று. அப்போது அவள் அழுதாள் என்று சாமிநாதன் சொல்வான். புழுதி என்று அவள் சொல்வாள்.

டிரேவர் தன் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைக் காலி செய்து கொடுத்தார். மேலே எப்படி வேண்டுமானாலும் நடங்கள், எனக்கு ஒரு காது கேட்காது, மறு காதில் ரேடியோ இருக்கிறது என்றார். இருவரும் அங்கே குடிவந்தார்கள். அடுத்த இரண்டரை வருடம் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. 2014 பிப்ரவரியில், மேம்பாலம் கட்டுவதற்காக வெட்டக் குறிக்கப்பட்டிருந்த ஏழு வசந்தராணி மரங்கள் ஓசூர் ரோட்டின் இடது ஓரமாக வரிசையாக வந்து, லேஅவுட் முனையில் நின்றன. பூக்கும் காலம். ரோடு ரோஸ் நிறமாகிவிட்டது. கோவிந்தப்பா கன்னடத்தில் அழைத்தார். டிரேவர் ஆங்கிலத்தில் வரவேற்புரை படித்தார். கோயில் பூசாரி கற்பூரம் காட்டினார். மூன்று நாள் ஆகியும் ஏழும் அசையவில்லை. அந்த வாரம் வேதநாயகிக்கு ஓவர்டைம், இரவிலும் கம்பெனியிலேயே தங்கியிருந்தாள். மூன்றாம் நாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கியவள் அவை நிற்பதைக் கண்டு, "இன்னாத்துக்கு வாசல்லயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க" என்றாள். ஏழும் அவள் பின்னால் வந்தன.

அவற்றை எங்கே நிறுத்துவது என்று சங்கம் கூடிப் பேசியது. சைட்டுகளில் இடமில்லை. ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னது சாமிநாதன்தான். ஏழு மரமும் ஏரியின் வடகரையில், இடிபாட்டு லாரிகள் உள்ளே நுழையும் பாதையில் போய் நின்றன. மறுநாள் முதல் லாரிகள் வர முடியவில்லை. வேறு பாதை வெட்டினார்கள். மார்ச்சில் வந்த நாவல் மரம் அந்தப் பாதையில் நின்றது. அதன்பின் வருடம் தவறாமல் வந்தன. மெட்ரோ ரயிலுக்காக, கால்வாய்க்காக, கடைத்தெருவுக்காகக் குறிக்கப்பட்டவை எல்லாம் வந்தன. அரசமரம் ஒன்று இரண்டு பிள்ளையார்களையும் சுமந்துகொண்டு வந்தது. எங்கிருந்தோ வந்த பலாவின் கிளையில் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது. எல்லாம் முனையில் வந்து நிற்கும், வேதநாயகி போய்க் கூப்பிட்டால்தான் உள்ளே வரும். கம்பெனியில் அவளுக்கு அதற்கென்று அரைமணி நேரம் அனுமதி கொடுத்தார்கள். வரும் மரத்தின் வேரைப் பார்த்தே அது எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, உடனே தண்ணீர் வேண்டுமா, கொஞ்சம் நின்று ஆறட்டுமா என்று அவள் சொல்லிவிடுவாள். பஸ் டிரைவர்கள் பழகிவிட்டார்கள். மரம் கடக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார்கள்.

ஏரியின் அடியில் கிடந்த இடிபாட்டை வேர்கள் என்ன செய்தன என்று யாரும் பார்க்கவில்லை. 2016இல் அது பாதியாகியிருந்தது, 2018இல் காணோம். ஞாயிறுதோறும் லேஅவுட் முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிக் கரையேற்றியது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. முதுகுவலிதான். நீலத்தாழைக்கோழி வந்தது, புள்ளிமூக்கு வாத்து வந்தது, ஒரு டிசம்பரில் கரண்டிவாயன்கள் பதினாறு வந்து இறங்கின. 2019இல் கோவிந்தப்பா காலமானார். அன்று பகல் பதினொரு மணிக்கே தூங்குமூஞ்சி மரம் இலைகளை மூடிக்கொண்டது, காரியம் முடிந்து எல்லாரும் குளித்த பிறகுதான் திறந்தது. 2022இல் பெருமழை கொட்டி நகரத்தின் பாதி தண்ணீரில் நின்றபோது, ஹொங்கெரேயில் தண்ணீர் ஏரிக்குள்ளேயே இருந்தது. கரையில் அன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்கள் இருந்தன. பக்கத்து லேஅவுட்டுகளிலிருந்து வந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு நாலு நாள் ஜெபக்கூடத்திலும் கோயிலிலும் சோறு போட்டார்கள்.

2023 நவம்பரில், வேதநாயகி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், கன்டோன்மென்டிலிருந்து ஓர் ஆலமரம் புறப்பட்டது. பழைய பங்களா ஒன்றை இடித்தபோது அந்த வளாகத்தில் நின்ற மரம் அது. பகலில் மட்டும் நடந்து நாலு நாளில் வந்தது. தொம்மலூரில் ஒரு நாள் தங்கி இளைப்பாறியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பங்களாவின் தோட்டத்து அறை ஒன்றை நூறு வருடமாகத் தன் விழுதுகளால் சுற்றி வளர்ந்த மரம், புறப்படும்போது அந்த அறையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை, சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை அடித்த மரக்கதவு, இரண்டு ஜன்னல். ஒரு ஓடு மட்டும் விரிசல் விட்டிருந்தது. வேதநாயகி முனைக்குப் போய்க் கூப்பிட்டாள். ஏரிக்கரையில் அதற்கு இடம் பார்த்து வைத்திருந்தார்கள். ஆனால் ஆலமரம் ஏரிப்பக்கம் திரும்பவில்லை. மூன்றாவது கிராஸில் திரும்பி, நாற்பத்தோராம் சைட் முன்னால் போய் நின்றது. தூங்குமூஞ்சி மரம் மேற்குப் பக்கத்து வேர்களை மண்ணிலிருந்து உருவி, தன் பக்கம் இழுத்து மடக்கி, பாதி சைட்டை விட்டுக் கொடுத்தது. ஆலமரம் அங்கே வேரூன்றி, நிறைகுடத்தை இறக்குவதுபோல் முதலில் ஒரு மூலை, பிறகு மறு மூலை என்று, அந்த அறையைத் தரையில் இறக்கி வைத்தது.

உரிமை சொல்லி யாராவது வருவார்களா என்று வேதநாயகி இரண்டு வாரம் கதவைத் தொடவில்லை. எண்பத்தாறு வயது டிரேவர் பங்களா இடத்தை வாங்கியிருந்தவர்களுக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதினார். இடிபாடு அகற்றும் வேலை ஓர் அறையளவு குறைந்ததற்கு நன்றி என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டியதும் வேதநாயகி போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். சாமிநாதன் வெளியே எல்லைக்கல்லில் உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம் கழித்து ஜன்னல்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. "ஏங்க, அடுப்பு கெழக்கு மூலையில வெக்கலாம். எடம் தாராளமா இருக்கு" என்று அவள் குரல் கேட்டது. தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவ்வளவு உரக்கப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

கரண்டு இணைப்புக்கு விண்ணப்பித்தார்கள். உமேஷ் என்ற லைன்மேன் படிவத்தோடு வந்து, அறையைச் சுற்றி நடந்து, விழுதுகளுக்கு நடுவே மீட்டர் பெட்டி வைக்க இடம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"வீடு கட்டினது யாரும்மா? இங்க எழுதணும்."

"கட்டினது யாருன்னு தெரியாதுப்பா. கொண்டாந்து எறக்கினது இந்த ஆலமரம்."

உமேஷ் நிமிர்ந்து மரத்தை ஒருமுறை பார்த்தார். கட்டத்தில் ஆலமரம் என்று கன்னடத்தில் எழுதினார்.

"லைட் பாயிண்ட் எத்தனை?"

"ரெண்டு போதும்."

"ஃபேன்?"

இரண்டு மரங்களின் நிழலும் கூரைமேல் கலந்து கிடந்தது. ஏரிப்பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஃபேன் வேண்டாம் என்றாள் வேதநாயகி. அவர் அதையும் எழுதிக்கொண்டு போனார். புதன்கிழமை மீட்டர் பொருத்தினார்கள்.